மார்க்கர் இன்னாசி சொன்ன ஸ்கோர்

அவனை நான் உயிரோட கடைசியாப் பார்த்தது, நான் உயிரோட இருக்கேன்னு கையெழுத்துப் போடப் போன அன்னைக்குத்தான். சிரிக்காதீங்க தம்பி. பென்ஷன் வாங்கறவன் வருஷத்துக்கு ஒரு தடவை பேங்க்குக்குப் போய், "பாருங்க, இன்னும் சாகலை"ன்னு முகத்தைக் காட்டணும். நம்ம மேல அவ்வளவு அக்கறை அவங்களுக்கு. முந்தின வருஷம் அப்படிப் போறேன், வாசல்ல நீலச் சட்டை, தொப்பி, மடியில டோக்கன் கட்டு, இன்னாசி உட்கார்ந்திருக்கான். செக்யூரிட்டியாம். என்னைப் பார்த்ததும் எழுந்திருச்சான். எழுபது வயசுக்கு மேல ஒருத்தன் அவ்வளவு நிமிர்ந்து நிக்கறதே கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனம். "வாங்க சார்"னான். ஒரு டோக்கனைக் கையில குடுத்தான். "உட்காருங்க சார், நம்பர் வந்தா நானே கூப்பிடறேன்"னான்.

கூப்பிட்டான். "ஃபார்ட்டி டூ."

அதே குரல் தம்பி. பதினெட்டு வருஷம் எங்க கிளப்பில பில்லியர்ட்ஸ் மேஜை பக்கத்துல நின்னு ஸ்கோர் சொன்ன குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. செத்த வீட்லயும் அப்படித்தான் சொல்வான், கல்யாண வீட்லயும் அப்படித்தான் சொல்வான். ஒரு நிமிஷம் எனக்குக் கையில பந்து அடிக்கற க்யூ கம்பு இருக்கான்னு பார்த்துக்கத் தோணிச்சு.

அவன் இவன்னு சொல்றேன்னு முகம் சுளிக்கறீங்க. சரி, அவரு. செத்துப் போனா எல்லாரும் அவருதான். எனக்கும் அந்த மரியாதை வரும், கொஞ்ச நாள் பொறுத்துக்கணும்.

காப்பி சாப்பிடுங்க. நானே போட்டது. என் சம்சாரம் சௌந்தரம் போனதுக்கப்புறம் பதினோரு வருஷமா நான்தான் போடறேன், இன்னும் கைக்கு வரலை. நல்லா இருக்குன்னு பொய் சொல்ல வேண்டாம்.

நீங்க கொண்டு வந்த தாளைப் படிச்சேன். ரெண்டு தடவை படிச்சேன். ஜில்லா பில்லியர்ட்ஸ் சங்கமா நீங்க, பூல் சங்கமா? ரெண்டும் ஒண்ணுதானா? அப்படியா. உங்க இடத்தை நான் பார்த்திருக்கேன். பிரியாணிக் கடைக்கு மாடியில. அம்மாடி, என்ன வெளிச்சம், என்ன பாட்டு! மேஜை எட்டடி. நாங்க விளையாடினது பன்னிரண்டடிக்கு ஆறடி. உங்க மேஜையில ஒவ்வொரு பாக்கெட்டும் கிணத்து வாய் மாதிரி இருக்கு, பந்து விழாம இருந்தாத்தான் ஆச்சரியம். பந்துக்கெல்லாம் நம்பர் வேற போட்டு வச்சிருக்கீங்க. எங்களுக்கு மூணே பந்து. என்னோடது ஒரு வெள்ளை, எதிராளியோடது புள்ளி வச்ச வெள்ளை, ரெண்டு பேருக்கும் பொதுவா ஒரு சிவப்பு. நம்பர் தேவைப்படலை. மூணு வரைக்கும் எங்களுக்கு எண்ணத் தெரியும்.

கோவிச்சுக்காதீங்க. இன்னாசி கடைசி நாலு வருஷம் உங்க இடத்துக்குத்தான் வந்து க்யூவுக்கு டிப் ஒட்டிக் குடுத்தான்னு சொல்றீங்க. பேங்க்ல டியூட்டி முடிஞ்சு, அந்த நீலச் சட்டையோடயே. ஒட்டியிருப்பான். நுனியில அந்தத் தோல் வட்டத்தை அவன் மாதிரி ஒட்ட ஆள் கிடையாது. பசையைப் போட்டு, தலைகீழா நிறுத்தி, ஒரு ராத்திரி விட்டு, காலையில உப்புத்தாள் வச்சு உருட்டி உருட்டித் தேய்ப்பான். விரல் நகத்து வளைவு வரணும் அதுக்கு. அது தட்டையா இருந்தா பந்துல சுழல் ஏறாது, க்யூ வழுக்கிக்கிட்டுப் போகும். உங்க பசங்களுக்கு அதெல்லாம் புரிஞ்சுதோ என்னவோ. அவன் பேர்ல போட்டி வைக்கிற அளவுக்குப் புரிஞ்சிருக்கு. சந்தோஷம். "இன்னாசி நினைவுக் கோப்பை." கலெக்டர் பேர்ல வச்சாங்க, மில் முதலாளி பேர்ல வச்சாங்க, இப்ப மார்க்கர் பேர்ல. முன்னேற்றம்தான்.

விழா மலர்ல போட என்னைக் கையெழுத்துப் போடச் சொல்ற வரி இதுதானே? சத்தமாப் படிக்கறேன். "திரு. இன்னாசி அவர்கள் பதினெட்டு ஆண்டுகள் மார்க்கராகப் பணியாற்றினார். அவர் ஒருநாளும் தவறான ஸ்கோர் சொன்னதில்லை." கீழே: "க. தில்லைநாயகம், முன்னாள் செயலாளர், கடைசி சாம்பியன்."

தம்பி, நான் முப்பத்தி நாலு வருஷம் பத்திரப் பதிவு ஆபீஸ்ல இருந்தவன். அதுல இருபது வருஷம் சப்-ரிஜிஸ்ட்ரார். வாங்கறவன், விக்கறவன், சாட்சி ரெண்டு பேர், எல்லாரையும் எதிர்ல நிக்க வச்சு, "இது உங்க கையெழுத்துதானா?"ன்னு கேட்டு முத்திரை குத்தினவன். கேக்காமக் குத்தினது ஒண்ணு கிடையாது. என்கிட்ட வந்து ஒரு வரியை நீட்டி, சும்மா கையெழுத்துப் போடுங்க சார்ங்கறீங்க.

முதல் வரி சரி. பதினெட்டு வருஷம், கணக்கு சரி. ரெண்டாவது வரியிலதான் வில்லங்கம்.

பொறுங்க, சொல்றேன். மார்க்கர்னா என்னன்னு உங்களுக்கே தெரியுமோ தெரியாதோ. இப்ப உங்க மேஜையில மெஷினே நேரத்தைக் காட்டுது. அப்ப மார்க்கர்தான் எல்லாம். மத்தியானம் நாலு மணிக்கு வந்து மேஜைத் துணியை பிரஷ் போடணும், ஒரே திசையில, இந்தக் கடைசியிலேர்ந்து அந்தக் கடைசிக்கு. பூனை முதுகைத் தடவற மாதிரி, எதிர்ப்பக்கம் தடவினா முடி நிக்கும் பாருங்க, அந்தக் கதைதான். அப்புறம் இஸ்திரி. எட்டுக் கிலோ இரும்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ்ல சூடு பண்ணுவான். முதல்ல பழைய பேப்பர்ல வச்சுப் பார்ப்பான். பேப்பர் பழுப்பாச்சுன்னா காத்திருப்பான். அப்புறம்தான் துணி மேல. ஐப்பசி மழையில கூட எங்க மேஜையில பந்து ஓடும். மதுரையிலேர்ந்து வர்றவங்க, "என்ன சார் இது, கண்ணாடியா?"ம்பாங்க.

ஆட்டம் நடக்கும்போது சுவர்ல ஸ்கோர் போர்டு பக்கத்துல நிப்பான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஸ்கோர் சொல்லி, பித்தளை முள்ளை நகர்த்துவான். கை எட்டாத இடத்துல பந்து இருந்தா ரெஸ்ட் எடுத்துக் குடுப்பான். ரெஸ்ட்னா, நீளக் கம்பு, நுனியில பித்தளையில பெருக்கல் குறி மாதிரி இருக்கும், அதுமேல க்யூவை வச்சு ஆடறது. அவ்வளவுதான் அவன் வேலை. போட்டியில ஆடக் கூடாது. விளையாட்டுக்குச் சம்பளம் வாங்கறவன் எப்படி மெம்பரோட போட்டி போடறது? சட்டம் அப்படி. நாங்க போட்ட சட்டம் இல்லை, வெள்ளைக்காரன் போட்டுட்டுப் போனது. மத்த எல்லாத்தையும் மாத்திட்டோம், இதை மட்டும் பத்திரமா வச்சிருந்தோம்.

ஆனா மெம்பருக்குத் துணை ஆள் இல்லைன்னா மார்க்கர் கூட ஆடலாம். நான் அவன்கூட ஆடியிருக்கேன். நூத்துக்கணக்கான தடவை. எல்லாத்துலயும் நான்தான் ஜெயிச்சேன். நீங்க வேற யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க, இன்னாசி பிரமாதமா ஆடுவான்ம்பாங்க. ஆடுவான், இல்லைன்னு சொல்லலை. ஆனா என்கிட்ட வரும்போது ஒரு எட்டு பாயிண்ட்ல விட்டுடுவான். எப்பவும் எட்டு. ஏழும் இல்லை, ஒன்பதும் இல்லை. கடைசி நேரத்துல அவனுக்குக் கை நடுங்கும் போல. டாக்டர் ரங்கபாஷ்யம்கிட்டயும் எட்டுலதான் தோப்பானாம். அந்த எட்டுலேயே மாட்டிக்கிட்ட ஆளு. பாவம்.

அந்த டாக்டர்தான் என்கூட ஃபைனல்ல ஆடினது. எண்பத்தி மூணு, தை மாசம். வருஷாந்திரக் கோப்பை, முன்னூறு பாயிண்ட் ஆட்டம். டாக்டர் ஆறடி உயரம். மேஜையில எங்க பந்து இருந்தாலும் சோம்பல் முறிக்கற மாதிரி கையை நீட்டினாப் போதும். நான் அஞ்சடி மூணு. எனக்குப் பாதி ஷாட்டுக்கு ரெஸ்ட் வேணும். எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். தெரிஞ்சதுங்கறதுக்காக, கலெக்டர் முன்னாடி கம்பு மேல கம்பு வச்சுக்கிட்டு நிக்கணுமா? அன்னைக்குக் கலெக்டர் வந்திருந்தார். புதுசா வந்தவர், முதல் தடவை கிளப்புக்கு வர்றார். இருபத்தாறு நாற்காலி போட்டோம், நாலஞ்சு பேர் நின்னுக்கிட்டிருந்தாங்க. பெண்கள் உள்ள வரக் கூடாது, வராந்தாவுல ஜன்னல் பக்கத்துல நிக்கலாம். சௌந்தரம் அங்கதான் நின்னா.

கிளம்பும்போதே அவ சொன்னா: "கையை மடிச்சு விட்டுக்குங்க." புது முழுக்கைச் சட்டை, அவளே கஞ்சி போட்டது. "கலெக்டர் வர்றாரு, மடிச்சு விட்டுக்கிட்டு நின்னா மேஸ்திரி மாதிரி இருக்கும்"னேன். "விளையாடறதுக்குத்தானே போறீங்க?"ன்னா. பொம்பளைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன். கஞ்சியைக் கொஞ்சம் கம்மியாப் போட்டிருந்தா இவ்வளவு பேச்சே இல்லை. அட்டை மாதிரி நின்னுச்சு அந்தக் கை.

ஆட்டத்தை முழுசாச் சொல்லலை, பயப்படாதீங்க. ஒன்றரை மணி நேரம் போச்சு. கடைசியில டாக்டர் இருநூத்தித் தொண்ணூத்தி எட்டு. நான் இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு. அவருக்கு இன்னும் ரெண்டு. ஒரே ஒரு கேனன் அடிச்சா முடிஞ்சுது. நம்ம பந்து மத்த ரெண்டு பந்தையும் தொட்டா அது கேனன், ரெண்டு பாயிண்ட். டாக்டர் தூக்கத்துல அடிப்பார். ஆனா அன்னைக்கு அவர் ஒரு சுலபமானதை விட்டுட்டார், மேஜை என் கைக்கு வந்துடுச்சு. நான் விட்டா, அவ்வளவுதான். தெரியுதா? அந்த ஆட்டத்துல எனக்குத் தப்பு பண்ண இடமே கிடையாது.

பந்து நிக்கிற இடத்தைப் பாருங்க. இந்த டபராவை என் வெள்ளைன்னு வச்சுக்குங்க. மேஜைக்கு நடு மையத்துல. சிவப்பு அங்க, ஒரு முழம் தள்ளி. டாக்டரோட புள்ளி வெள்ளை இங்க, என் பக்கம், சரியா என் முழங்கை வர்ற இடத்துல. மூணு பக்கமும் சுத்தி வந்து பார்த்தேன். எங்கேர்ந்தும் எட்டலை. இன்னாசி ரெஸ்ட்டை எடுத்து ரெண்டு கையிலயும் ஏந்தி என் பக்கத்துல நிக்கறான். எதுவும் சொல்லலை. சொல்லவும் கூடாது. கலெக்டர் சின்னதா ஒரு சிரிப்புச் சிரிச்சார். வேற எதுக்காவது சிரிச்சிருக்கலாம். "வேண்டாம்"னு சொல்லிட்டேன்.

ஒரு கால் தரையில இருக்கணும். கட்டைவிரல் இருந்தாப் போதும், சட்டம் சரின்னு சொல்லுது. தொடையை மேஜை விளிம்புல ஏத்தி, வயித்தை எக்கி, புள்ளி வெள்ளைக்கு மேல கையைக் கொண்டு போய், படுத்தேன். அடிச்சேன். என்ன அடி! என் பந்து சிவப்பைத் தொட்டு, மெதுவாத் திரும்பி வந்து, டாக்டர் பந்தை ஒரு முத்தம். கேனன். ரெண்டு பாயிண்ட். எல்லாரும் பார்த்தாங்க.

இப்ப இன்னாசி என்ன சொல்லணும்? "டூ நைன்ட்டி த்ரீ." ஷாட் முடிஞ்ச அடுத்த மூச்சுல சொல்லணும். பதினெட்டு வருஷமா அப்படித்தான் சொன்னான். அன்னைக்குச் சொல்லலை.

முள்ளுல கை இருக்கு. கண்ணு என் மேல இருக்கு. வாய் திறக்கலை.

மூணு விநாடி. நான் எண்ணினேன். மேஜை மேல தொங்கற விளக்குல ஒரு பூச்சி முட்டற சத்தம் கேக்குது. மூணு விநாடிங்கறது எவ்வளவு நேரம்னு உங்களுக்குத் தெரியுமா? இப்ப நான் சும்மா இருக்கேன், நீங்க எண்ணிப் பாருங்க.

பார்த்தீங்களா? தலையைக் குனிஞ்சுட்டீங்க.

அப்புறம் சொன்னான். "டூ நைன்ட்டி த்ரீ." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அதுக்கப்புறம் சிவப்பைப் பாக்கெட்ல போட்டேன், மூணு. சிவப்புல பட்டு என் பந்தே உள்ளே போச்சு, அதுவும் மூணு. கடைசியா இன்னொரு கேனன். முன்னூத்தி ஒண்ணு. ஆட்டம் முடிஞ்சுது. கை தட்டினாங்க. கோப்பையைக் கலெக்டர் கையால வாங்கினேன். டாக்டர் வந்து கை குடுத்தார். "சட்டை நல்லா இருக்கு தில்லைநாயகம். கைதான் கொஞ்சம் நீளம்"னார். அவருக்கென்ன தெரியும் தையலைப் பத்தி? ஊசி போடத் தெரியும், அவ்வளவுதான்.

எதுக்கு நிறுத்தினான்னு கேக்கறீங்களா? அதைத்தான் நானும் நாப்பத்தோரு வருஷமாக் கேக்கறேன்.

எங்க கிளப்புல ஒரு வழக்கம் உண்டு. ஃபவுல்னா மார்க்கர் சொல்லக் கூடாது. மெம்பரே சொல்லணும். கையோ சட்டையோ ஏதாவது பந்துல பட்டுடுச்சுன்னா, ஆடறவரே க்யூவைத் தூக்கிப் பிடிச்சு, "ஃபவுல்"னு சொல்லிட்டு ஒதுங்கிடணும். கனவான்கள் இல்லையா நாங்க! சம்பளத்துக்கு நிக்கிறவன் ஒருத்தன், நீ தப்பு பண்ணிட்டேன்னு வக்கீலையும் டாக்டரையும் பார்த்துச் சொல்றதாவது! மெம்பர் சொன்னா ஃபவுல், சொல்லலைன்னா இல்லை. அவ்வளவு சுத்தமான ஏற்பாடு.

அப்ப, அவன் எதையாவது பார்த்திருந்தா வாயை மூடிக்கிட்டு ஸ்கோர் சொல்லணும். பார்க்கலைன்னா வாயைத் திறந்து ஸ்கோர் சொல்லணும். ரெண்டுலயும் அவன் சொல்ல வேண்டியது ஒண்ணுதான். எதுக்கு இந்த ரெண்டுங்கெட்டான் மௌனம்?

பட்டுச்சான்னு கேட்டுடாதீங்க. நான் எங்க பார்த்தேன்? என் கண்ணு சிவப்பு மேல. குறி வைக்கிறவன் முழங்கையைப் பார்ப்பானா?

அப்படியே பட்டிருந்தாலும் அது நகரலை. ஒரு நெல் அளவுகூட நகரலை. இருந்த இடத்துலயே லேசா ஒரு அசைவு, அந்தப் புள்ளி கொஞ்சம் கீழே இறங்குச்சு, அவ்வளவுதான். அதுக்குப் பேர் நகர்றதா? தவிர, பட்டது சட்டை. நான் இல்லை. கஞ்சி போட்டது யாரு?

என்ன எழுதறீங்க? வேண்டாம், அதை எழுத வேண்டாம். இது பேச்சு. எழுதறதை அப்புறம் சொல்றேன்.

வீட்டுக்கு வர்ற வழியில சௌந்தரம் கோப்பையை மடியில வச்சுக்கிட்டு ரிக்‌ஷாவுல உட்கார்ந்திருந்தா. பாதி தூரம் வந்ததும் கேட்டா: "அந்த மார்க்கர் ஏங்க அவ்வளவு நேரம் உங்க முகத்தையே பார்த்தாரு?" வராந்தாவுல, ஜன்னலுக்கு வெளியே நின்னவ! அவ வரைக்கும் தெரிஞ்சிருக்கு. "ஜெயிக்கப் போறவன் முகம் எப்படி இருக்கும்னு பார்த்திருப்பான்"னேன். அவ அந்தச் சட்டைக்கு அப்புறம் கஞ்சியே போடலை.

அதோட போச்சு என் ஆட்டம். எல்லாத்துக்கும் அவன்தான் காரணம். நான் போவேன், க்யூ நுனிக்குச் சாக்பீஸ் தடவுவேன், குனிவேன், அடிப்பேன். அடிச்ச உடனே காது அவன் பக்கம் போயிடும். சொல்றானா, நிறுத்தறானா? டக்குனு சொல்லிடுவான். ஒரு தடவை கூட நிறுத்தலை. அதுதான் அவனோட விஷமம். நிறுத்தியிருந்தா, அடிக்கடி நிறுத்தறவன்னு நான் சமாதானம் ஆகியிருப்பேன். வாழ்க்கையில ஒரே ஒரு தடவை நிறுத்தினான், என் ஆட்டத்துல. காதை அங்க வச்சுக்கிட்டு எவனாவது பந்து அடிக்க முடியுமா? மாசி முடியறதுக்குள்ள புதுசாச் சேர்ந்த தாசில்தார்கிட்ட தோத்தேன். அந்த ஆளுக்குக் க்யூவோட எந்த முனை பந்துல படணும்னே அப்பத்தான் சொல்லிக் குடுத்திருந்தோம்.

இன்னாசிகிட்ட கேட்டிருக்கலாமேங்கறீங்க. மெம்பர் போய் மார்க்கர்கிட்ட என்னன்னு கேக்கறது? "ஏம்ப்பா, நான் தப்பு பண்ணினேனா"ன்னா? கிளப்புக்குன்னு ஒரு ஒழுங்கு இருக்கு தம்பி.

அந்த வருஷமே நான் செயலாளர் ஆனேன். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை. கிளப்பை நவீனப்படுத்தணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு எண்ணம். தீர்மானம் எண் ஏழு: "பில்லியர்ட்ஸ் அறைக்கு மார்க்கர் தேவையில்லை, உறுப்பினர்கள் ஸ்கோரைத் தாங்களே குறித்துக்கொள்ளலாம். மார்க்கர் வாசல் காவலுக்கு மாற்றப்படுகிறார்." கமிட்டி ஏகமனதாப் பாஸ் பண்ணிச்சு. நான் அனுப்பலை. கமிட்டிதான் அனுப்பிச்சு. நான் எழுதி, படிச்சு, கையெழுத்து மட்டும்தான் போட்டேன். டாக்டர் அன்னைக்கு மீட்டிங்குக்கு வரலை, வந்திருந்தா ஏதாவது சொல்லியிருப்பார். அதான் அவருக்கு ஆஸ்பத்திரி இருக்கற நாளாப் பார்த்து மீட்டிங் வச்சேன்.

இன்னாசி பிரஷ், இஸ்திரி இரும்பு, சாக் டப்பா எல்லாத்தையும் மேஜை மேல வரிசையா வச்சு, எண்ணிக் காட்டிட்டு, வாசல்ல போய் நின்னான். ஒரு மாசம் நின்னான். அப்புறம் நின்னுட்டான், வேலையிலேர்ந்து.

அதுக்கப்புறம் எங்க கனவான்களைப் பார்க்கணுமே! முதல் வாரமே வக்கீல் ஒருத்தர் பதினேழை இருபத்தேழுன்னு போட்டுட்டார்னு சண்டை. ரெண்டாவது மாசம் க்யூவாலயே அடிச்சுக்கிட்டாங்க. தாசில்தார் ஒரு நாள், நானே இஸ்திரி போடறேன்னு வீட்டுப் பெட்டியைக் கொண்டு வந்தார். துணி நடுவுல கப்பல் மாதிரி ஒரு கருகல். அதுக்கு மேல போற பந்து எல்லாம் இடது பக்கம் திரும்பும். சில பேர் அதுக்குத் தகுந்த மாதிரி ஆடக் கத்துக்கிட்டாங்க. போட்டி நின்னு போச்சு. கிளப்பு நின்னு போச்சு. இப்ப அங்க கல்யாண மண்டபம், பார்த்திருப்பீங்க. அடுத்த போட்டியே நடக்காததால கோப்பையை யார்கிட்ட திருப்பிக் குடுக்கறது? அதோ பீரோ மேல. நாப்பத்தோரு வருஷமா நான்தான் நடப்புச் சாம்பியன். உலகத்துலயே இவ்வளவு நாள் பட்டத்தை விடாம வச்சிருந்த ஆட்டக்காரன் வேற யாரும் இருக்க மாட்டான்னு நினைக்கறேன். விசாரிச்சுச் சொல்லுங்க.

பேங்க்ல அன்னைக்கு நடந்ததை முழுசாச் சொல்லலையே நான். கையெழுத்துப் போட்டுட்டு வெளியே வர்றேன். அவனுக்கு டீ வந்திருந்தது. "சார், டீ சாப்பிடறீங்களா?"ன்னு தன்னோடதை நீட்டறான். "வேண்டாம்"னேன். "இப்பவும் ஆடறீங்களா சார்?"ன்னான். என்ன திமிர் பாருங்க. எண்பதை நெருங்கறவன்கிட்ட கேக்கற கேள்வியா? "நீ இல்லாம யார் ஸ்கோர் சொல்றது?"ன்னேன். கிண்டலாத்தான் சொன்னேன். அவன் கிண்டலா எடுத்துக்கலை. "உங்க லாங் ஷாட் நல்லா இருக்கும் சார். ரெஸ்ட் எடுக்க மட்டும் வெக்கப்படுவீங்க"ன்னான்.

அப்பத்தான் கேட்டேன். வாசல்ல, பத்துப் பேர் வர்றாங்க போறாங்க. எனக்கே தெரியாம வாயில வந்துடுச்சு. "இன்னாசி, அன்னைக்கு ஃபைனல்ல, டூ நைன்ட்டி த்ரீ சொல்றதுக்கு முன்னாடி ஏன் நிறுத்தினே?"

எந்த ஃபைனல்னு கேப்பான்னு நினைச்சேன். கேக்கலை. டீயை நாற்காலிக்குக் கீழே வச்சான்.

"நீங்க சொல்வீங்கன்னு இருந்தேன் சார்."

"நான் சொல்லலையே"ன்னேன்.

"ஆமா சார். அதான் நான் சொல்லிட்டேன்."

அவ்வளவுதான். யாரோ ஒரு அம்மா டோக்கன் கேட்டாங்க, அவன் போயிட்டான். நான் பஸ் ஸ்டாப்புக்கு வந்து ரெண்டு பஸ்ஸை விட்டேன். அடுத்த தடவை வரும்போது நல்லாக் கேட்டுடணும், என்னடா பெரிய அரிச்சந்திரன் மாதிரி எனக்குச் சந்தர்ப்பம் குடுக்கறியான்னு. அடுத்த வருஷம் போனா அந்த நாற்காலியில வேற ஒரு பையன், போன்ல கிரிக்கெட் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கான். டோக்கனைக் கேட்டா, "அங்க மெஷின்ல அமுக்கிக்குங்க பெரியவரே"ங்கறான். இன்னாசி ஆனி மாசமே போயிட்டான்னு உள்ளே கேஷியர்தான் சொன்னார்.

சரி, பேனாவைக் குடுங்க. வேண்டாம், என்னோடதே இருக்கு.

முதல் வரி அப்படியே இருக்கட்டும். ரெண்டாவது வரியை அடிக்கறேன். அடிச்ச இடத்துல சின்னக் கையெழுத்துப் போடணும், இல்லைன்னா செல்லாது. இப்ப எழுதறேன் பாருங்க: "அவர் ஒரே ஒரு முறை தவறான ஸ்கோர் சொன்னார்." முகம் ஏன் மாறுது உங்களுக்கு? மலர்ல போடறதுக்கு நல்லா இருக்காதுங்கறீங்க. இருக்காதுதான். ஆனா உண்மை. பதினெட்டு வருஷம் ஒழுங்கா இருந்தவன், என் விஷயத்துல தப்பாச் சொன்னான். அதைப் பதிவு பண்ணாம நான் சாக மாட்டேன். அவனைப் பெரிய மகான்னு எல்லாரும் கொண்டாடும்போது, ஒரு இடத்துல தவறினான்னு சொல்ல ஒரு ஆள் வேண்டாமா?

என்ன? எந்த ஸ்கோர்னு போடணுமா?

ஆமா. தேதி, விவரம் இல்லாத பதிவு பதிவே இல்லை. நீங்க கேக்கறது நியாயம்.

"16-1-1983 அன்று, இறுதி ஆட்டத்தில், இருநூற்றுத் தொண்ணூற்று மூன்று என்று சொன்னார்." போதுமா? சரியான ஸ்கோர் என்னன்னா கேக்கறீங்க? நீங்க பத்திர ஆபீஸ்ல வேலைக்குச் சேர்ந்திருக்கணும் தம்பி. இவ்வளவு நேரம் காப்பியைக் குடிச்சுக்கிட்டு ஒண்ணும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தீங்களே.

சரியான ஸ்கோர்.

இருநூத்தித் தொண்ணூத்தி ஒண்ணு.

எழுதிட்டேன். இந்தாங்க, "கடைசி சாம்பியன்"ங்கறதையும் அடிச்சுட்டேன், அங்கயும் சின்னக் கையெழுத்து போட்டாச்சு. முன்னாள் செயலாளர்ங்கறது இருக்கட்டும், அது நிஜம். கோப்பையை எடுத்துட்டுப் போங்க, பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, தெருவுல கேப்பாங்க. டாக்டர் பேரைப் பொறிக்கறதா வேற யார் பேரைப் பொறிக்கறதாங்கறது உங்க சங்கத்தோட பாடு. என்னைக் கேக்காதீங்க.

இன்னும் ஒரு விஷயம். கீழே சாட்சின்னு ரெண்டு கோடு போட்டிருக்கேன் பாருங்க. முறைப்படி ரெண்டு பேர் வேணும். அதைக் காலியாத்தான் விடணும். டாக்டர் தொண்ணூத்தி ஆறுல போயிட்டார். கலெக்டர் டெல்லியில போனதாப் பேப்பர்ல பார்த்தேன். வக்கீல் இல்லை, மத்த மெம்பர் யாரும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நின்னவளும் இல்லை. அன்னைக்கு அந்த ரூம்ல இருந்தவங்கள்ல இப்ப இருக்கறது நான் ஒருத்தன்தான்.